தராசும் தோளும்

தேர்த் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களை விசாரித்தால், சுவாமி அலங்காரத்தைப் பற்றிச் சொல்வார்கள். நாதஸ்வரக் கச்சேரியைப் பற்றிச் சொல்வார்கள். வடம் பிடித்த ஜனக் கூட்டத்தைப் பற்றியும் சொல்வார்கள். பின் சக்கரத்தின் அருகில் குனிந்தபடியே நான்கு வீதியும் நடந்து, சமயம் பார்த்து முட்டுக்கட்டை போட்ட ஆளைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவன் கை ஒரு விநாடி பிசகியிருந்தால் தேர் வீதி முனையில் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறியிருக்கும். பிசகவில்லை, ஆகையால் அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

விளையாட்டு உலகத்திலும் இந்த ரகத்து மனிதர்கள் உண்டு. அமெரிக்கர்கள் ‘புட்பால்’ என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். நம்முடைய கால்பந்துக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் ஒன்றைத் தவிர வேறு பொருத்தம் கிடையாது. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். கட்சிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் கட்சியில் ஐந்து பேர் முன்வரிசையில் அணைபோல் நிற்பார்கள். நடுவில் நிற்பவன் பந்தைப் பின்னால் கொடுப்பதோடு சரி. அதன் பிறகு எதிரிகளைத் தோளாலும் கையாலும் தடுத்து நிறுத்துவதே ஐவருக்கும் வேலை. முன்னோக்கி எறிகிற பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதற்குச் சாதாரணமாகச் சட்டமே அவர்களுக்கு இடம் தருவதில்லை. கைதட்டல் எல்லாம் பின்னால் நிற்கிறவனுக்கு. மோதல் எல்லாம் இவர்களுக்கு. காலேஜ் மாணாக்கர்களிலேயே இந்த வரிசையில் நிற்கிறவன் 300 ராத்தல், அதாவது 136 கிலோ எடை இருப்பது அங்கே சகஜம்.

இதற்கும் நம்முடைய ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதன் பெயர் கபடி.

கபடியில் மட்டும் என்ன வாழ்கிறது? பாடிப் போகிறவனுக்குத்தான் பாராட்டு. அவனுக்குக் கொடுத்திருப்பது 30 விநாடி. அந்த 30 விநாடியும் எதிர்ப்புறத்தில் கைகோத்து நிற்கிறார்களே, அவர்களில் மூலையில் நிற்பவனைக் ‘கார்னர்’ என்றும், அவனை அடுத்து நிற்பவனைக் ‘கவர்’ என்றும் சொல்கிறார்கள். கணுக்காலைப் பற்றி இழுப்பதும், ஓடிவருகிறவனை நெஞ்சால் மோதிக் கோட்டுக்கு வெளியே தள்ளுவதும் இவர்கள் பொறுப்பு. தஞ்சைச் சீமையைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் இப்படி மூலையில் நின்று பெயர் வாங்கியவர். 2016-ஆம் வருஷம் ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் இந்தியா ஈரானை 38-க்கு 29 என்று ஜயித்தபோது, வெற்றி பெற்ற கோஷ்டியில் அவரும் இருந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! பலம் என்பது இருபது வயதில் வந்து இருபத்தைந்தில் விடைபெற்றுக்கொள்ளும் விருந்தாளி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நமது மேற்குப் புறநகர்களுக்குப் பலம் புதிய விஷயமுமல்ல. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. 1965-இல் அதே ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கி வெளியே உருண்டு வந்தது. இரும்பை நம்பி வளர்ந்த ஊர்கள் இவை. அன்று தகப்பனார் இரும்பு தூக்கிச் சம்பளம் வாங்கினார். இன்று பிள்ளை இரும்பு தூக்குவதற்குச் சந்தா கட்டுகிறான். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ரயில்வேயும் போலீஸும் மற்றும் பல சர்க்கார் ஸ்தாபனங்களும் விளையாட்டு வீரர்களுக்கென்று உத்தியோகம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் பிள்ளையின் தோள்வலிதான் குடும்பத்தின் மூலதனம். ஆகையால் அந்தத் தோள் எப்படி வளர்கிறது, எப்படிக் கெடுகிறது என்பது பெற்றோர்கள் அறியவேண்டிய விஷயம்.

பளுத் தூக்கினால் சதை இறுகி, உடம்பு வளையாமல் போய்விடும் என்பது வெகுகாலம் வரையில் அமெரிக்கப் பயிற்சியாளர்களின் உறுதியான நம்பிக்கை. 1969-இல் நெப்ராஸ்கா சர்வகலாசாலை பாய்ட் எப்லி என்ற வாலிபரை, ஆட்டக்காரர்களுக்குப் பளுப் பயிற்சி கொடுப்பதற்கென்றே நியமித்தது. அதன் பிறகுதான் மற்றக் கலாசாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டன. நம் நாட்டிலோ தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் தாலிம்கானாக்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தன. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையைத் தொடங்கி, உடற்பயிற்சியை ஒரு சாஸ்திரமாகக் கற்பிக்க வழி செய்தார். ஆகவே, பழமையும் நமக்கு உண்டு, சாஸ்திரமும் உண்டு. குறைவது பொறுமைதான்.

ஏன் பொறுமை வேண்டும் என்று சொல்கிறோம். தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர், காயமடைந்த சிப்பாய்களின் பலவீனமான கால்களுக்குப் பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பயிற்சி கொடுத்து, அதன் பலனை 1945-இல் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிற முறைக்கு அதுவே அடிப்படை. புதிதாகப் பயிற்சி தொடங்கும் பையன் முதல் சில வாரங்களில் அடைகிற பலம் பெரும்பாலும் சதையின் பலமல்ல. இருக்கிற சதையை ஒன்றுசேர்த்து வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. சதை அதன் பிறகுதான் பருக்கத் தொடங்கும். எலும்போடு சதையைப் பிணைக்கும் தசைநாண்கள் இன்னும் மெதுவாகவே உறுதிப்படும். பையனுக்கோ ஆசை முன்னால் ஓடுகிறது. தசைநாண் பின்னால் நடந்து வருகிறது. தோளிலும் முழங்காலிலும் ஏற்படும் காயங்கள் பல இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

தோளில் 40 கிலோ வைத்துப் பஸ்கி போடும் பையன் வாரத்துக்கு இரண்டரை கிலோ வீதம் ஏற்றினால், பத்து வாரத்தில் 65 கிலோவுக்கு வந்துவிடுவான். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் சிறுவாடு சேர்க்கும் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கின் மகிமை தெரியும்.

அடுத்தது ஆகாரம். பலப் பயிற்சி செய்கிறவனுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 1.6 கிராம் வீதம் தினசரி புரதம் போதும் என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். 75 கிலோ எடையுள்ள பையனுக்கு 120 கிராம். உடனே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டப்பா மாவு வாங்க ஓடவேண்டியதில்லை. நான்கு முட்டையில் 24 கிராம்; அரை லிட்டர் பாலில் 16; நூறு கிராம் பருப்பில் 22; நானூறு கிராம் அரிசியில் 28; ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12; ஐம்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10; ஒரு கிண்ணம் தயிரில் 6. கூட்டிப் பார்த்தால் 118. முட்டை சேர்க்காத வீடுகளில் பருப்பையும் பாலையும் சோயாவையும் கூட்டிக்கொள்ளலாம். இவற்றோடு எட்டு மணி நேரத் தூக்கம். பயிற்சி தேய்த்ததைத் தூக்கம்தான் கட்டித் தருகிறது. இரவு ஒரு மணி வரையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து மணிக்கு மைதானத்துக்கு ஓடுகிற பையன், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிறான்.

இனி, தராசுக்கு வருவோம். அமெரிக்க ஆட்டத்தில் முன்வரிசைக்காரனுக்கு எடையில் உச்சவரம்பு கிடையாது. ஆகையால் அங்கே பிள்ளைகளைத் திணித்துத் திணித்துப் பெருக்க வைக்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் அந்தக் கனம் போவதில்லை. ரத்தக் கொதிப்பும், உறக்கத்தில் மூச்சுத் தடையும், மூட்டுவலியும் கூடவே வந்து குடியேறுகின்றன. கபடியிலோ நேர் எதிர். பெரியவர்களுக்கான தேசியப் பந்தயங்களில் ஆடவருக்கு 85 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எடை பார்க்கும் நாளுக்கு முன்பு இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், கனத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி, வாயில் ஊறும் எச்சிலைக்கூடத் துப்பித் தள்ளி, முள்ளைக் கீழே இறக்குகிற கொடுமை நடக்கிறது. இப்படி இறங்குவது கொழுப்பல்ல. ரத்தத்தில் ஓடவேண்டிய நீர். 1997-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் மூன்று காலேஜ் மல்லர்கள் இதே காரியத்தைச் செய்து, சில வாரங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். அதன் பிறகே அங்கே எடை பார்க்கும் விதிகளை மாற்றினார்கள். மூன்று உயிர் கொடுத்து அவர்கள் வாங்கிய பாடத்தை நாம் இனாமாகவே படித்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மேரிலாந்து சர்வகலாசாலையில் ஜோர்டன் மக்நேர் என்று ஒரு மாணாக்கன், வயது பத்தொன்பது, முன்வரிசை ஆட்டக்காரன். 2018-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி ஓட்டப் பயிற்சியின்போது தள்ளாடினான். வெப்பத் தாக்கு. அவனைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும், செய்யவில்லை. அவசர உதவிக்குச் சொல்லி அனுப்புவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜூன் 13-ஆம் தேதி அவன் இறந்தான். சர்வகலாசாலைத் தலைவர் பொறுப்பை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளை போனது போனதுதான்.

மேரிலாந்தில் நடந்தது கத்திரி வெயில் காயும் ஆவடியில் நடப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நம் பக்கத்தில் அனலும் உண்டு, புழுக்கமும் உண்டு. புழுக்கத்தில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கனத்த சரீரம் உள்ளவனுக்குச் சூடு அதிகம் உண்டாகிறது, வெளியேறுவது தாமதமாகிறது. பயிற்சியில் ஒரு பையன் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, ‘சோம்பேறி, எழுந்து ஓடு’ என்று அதட்டக் கூடாது. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரையில் காத்திராமல், கழுத்து வரையில் குளிர்ந்த தண்ணீரில் உட்காரவைத்து, தலை தண்ணீருக்குள் சாயாமல் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவது. விழுந்த அரை மணிக்குள் இதைச் செய்துவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். இதற்கு வேண்டிய சாதனம் என்ன? ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், இரண்டு ஐஸ் பாளம். கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரி செய்கிற கலாசாலைகள் தொட்டி ஒன்று வாங்கக் கூடாதா? புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவதற்குச் செலவே இல்லை.

குறுக்கு வழி ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மூன்றே மாதத்தில் மார்பு விரியும் என்று ஆசை காட்டி ஊசியும் மாத்திரையும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊக்க மருந்துகள் வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளை முன்கூட்டியே மூடி உயரத்தை நிறுத்திவிடும். இருதயத்தையும் ஈரலையும் ஆண்மையையும் கெடுக்கும். பரிசோதனையில் அகப்பட்டால் பல வருஷம் ஆடத் தடை. உத்தியோகக் கனவும் அத்துடன் சரி.

பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. உங்கள் பிள்ளை மாலையில் மைதானத்துக்குப் போகிறானென்றால் தடுக்காதீர்கள். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் நீங்களும் போய் எட்டிப் பாருங்கள். பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: “பிள்ளைகள் நினைத்தபோது தண்ணீர் குடிக்கலாமா? எடையை எப்படிக் குறைக்கச் சொல்கிறீர்கள்? ஒருவன் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்?” நல்ல பயிற்சியாளர் சந்தோஷத்துடன் பதில் சொல்வார். கோபித்துக்கொண்டால், அதுவும் ஒரு பதில்தான்.