‘சாப்பரோன் தடுப்பு’ மாத்திரைகள்: நம் குழுவின் நிலைப்பாடு

சென்ற கூட்டத்தின்போது மண்டப வாசலில் சிலர் மேசை போட்டு, புற்றுக்கு மருந்து என்று அமுக்கரா மாத்திரை விற்றார்கள். அவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதைச் செயற்குழு தனியே விசாரிக்கிறது. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் கூடும் நம் புற்றுநோயாளர் ஆதரவுக் குழு, அங்கே விற்ற அமுக்கரா மாத்திரையைப் பற்றி மட்டும் இங்கு பேசுகிறது.

விற்றவர்களின் துண்டுப் பிரசுரம் முழுப் பொய் அல்ல. சில மார்பகப் புற்றுகளில் மிகும் ஹெர்2 போன்ற ஏற்பிகள் செல்லுக்குள் சரியாக மடிந்து நிலைத்திருக்க ஹெச்எஸ்பி90 என்னும் சாப்பரோன் புரதம் துணை நிற்கிறது. அதை முடக்கினால் ஏற்பி சிதையும். அமுக்கராவில் உள்ள வித்தாஃபெரின்-ஏ அந்தப் புரதத்தோடு பிணைவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். பிரசுரம் இத்துடன் நின்றுவிடுகிறது.

வித்தாஃபெரின்-ஏ மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டது. எங்கோ அல்ல, நம் பரேல் டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு அது. முற்றிய எலும்புப் புற்றுநோயாளிகள் 13 பேர். முடிவு 2020இல் வெளியானது. பக்கவிளைவுகள் தாங்கக்கூடியவையாகவே இருந்தன. ஆனால் வாய்வழி கொடுத்த மருந்து, கருவிக்கு எட்டும் அளவில் ஒருவர் இரத்தத்திலும் தென்படவில்லை. அளந்து தயாரித்த மருந்துக்கே இந்தக் கதி. எத்தனை மில்லிகிராம் என்றுகூட டப்பாவில் அச்சிடாத மாத்திரை மார்பகக் கட்டிவரை எப்படிப் போய்ச் சேரும்? இதைக் கேட்ட ஒரு பெண்மணியிடம் “நம்பிக்கை வையுங்கள்” என்றார்களாம். விலையை மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள்.

ஹெச்எஸ்பி90ஐ முடக்கும் உண்மையான மருந்துகளே தடுமாறியவைதான். ட்ராஸ்டூசுமாப் ஊசிக்குக் கட்டுப்படாத ஹெர்2 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அந்த ஊசியோடு டானெஸ்பிமைசின் சேர்த்தபோது சுமார் 22 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. ஆனாலும் அம்மருந்து சந்தைக்கு வரவில்லை. நுரையீரல் புற்றில் கானெடெஸ்பிப் 2015இல் கைவிடப்பட்டது. ஜப்பான் 2022இல் அனுமதித்த பிமிடெஸ்பிப், ஜிஸ்ட் என்னும் செரிமானப் பாதைக் கட்டிக்கானது. கட்டி வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவை அது 1.4 மாதத்திலிருந்து 2.8 மாதமாக்கியது. பல்லாண்டு உழைப்பில் கிடைத்தது இவ்வளவு. வாசல் மேசைக்காரரோ முழுக் குணம் என்கிறார்!

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களை இவ்வறிக்கை பொதுவாக மறுக்கவில்லை என்பதை, செயற்குழுவில் ஒரு சாரார் வலியுறுத்தியதன் பேரில் பதிவு செய்கிறோம். மருத்துவருக்குத் தெரிவித்துத் துணையாக எடுப்பது அவரவர் முடிவு. அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறோம். இதேபோல், மஞ்சளும் வேம்பும் புற்றைத் தீர்த்ததாகக் கிளம்பிய பேச்சை 2024 நவம்பரில் டாடாவின் இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு மறுத்தார்கள். அந்த அறிக்கையை நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தோம். அதன் கீழேயே மேசை போட்டிருக்கிறார்கள்.

ட்ராஸ்டூசுமாப் போன்ற ஊசிகளின் செலவுதான் மக்களை இவர்களிடம் தள்ளுகிறது என்ற கருத்தும் எழுந்தது. உண்மைதான்; அது தனியே பேச வேண்டியது.

இத்தகைய விற்பனையை ‘ஊக்குவிப்பதில்லை’ என்றிருந்தது இவ்வறிக்கையின் முதல் வரைவு. பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. நம் கூட்டங்களில் இனி அதற்கு அனுமதி கிடையாது.

மாத்திரையை நம்பி மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள் இந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் செயலாளரிடம் சொல்லுங்கள்.