போவா வளர்க்க ஆசையா?

தென் அமெரிக்கப் போவா பாம்பை வீட்டில் வளர்க்கும் ஆசை நம் பையன்கள் சிலருக்கும் வந்திருக்கிறது. "விஷமில்லை, அப்புறம் என்ன?" என்கிறார்கள். நமக்கு டிப்ளமோ 3 வருஷம். போவாவுக்கு ஆயுள் 20, 25 வருஷம்!

பள்ளிக்கூடம் போகாத என் அப்பா ஆடு வாங்கினால் பல்லைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், மேய்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். இங்கேயோ நிறத்தைப் பார்த்தே காசை நீட்டுகிறார்கள். காட்டில் பிடித்ததா, கூண்டில் பிறந்ததா? வாயில் நுரை உண்டா, செதிலுக்கடியில் உண்ணி உண்டா? ஒழுங்காய் இரை எடுக்குதா? கேட்க வேண்டாமா?

ஒன்றரை அடிக் குட்டி 8 அடி வரை வளரும். கூண்டின் ஒரு மூலை 32 டிகிரி, எதிர்மூலை 26 டிகிரி இருக்கணும். தெர்மோஸ்டாட் இல்லாமல் பல்பைத் தொங்கவிட்டால் தோல் வெந்துபோகும். நம்மூர் சித்திரையிலோ குளிர வைப்பதே பெரும்பாடு!

அலுத்துப்போனால் காட்டில் விட்டுவிடலாமா? அரூபா தீவில் போவா கிடையாது. 1999-இல்தான் முதலில் தென்பட்டது. இப்போது தீவெங்கும் பரவிப் பறவை, பல்லிகளைத் தின்கிறது. நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தப்படி பதிவும் செய்தாகணும்.

சரி, பதிவு செய்தாச்சு. வேலை கிடைத்து ஓசூர் போனபின் எலி போடுவது யார், அம்மாவா?