வாசலுக்கு வரும் எத்தர்கள்!

ஆண்கள் மில்லுக்கும் பெண்கள் அண்டி ஆபீசுக்கும் நடவுக்கும் போய்விட்ட பிறகு, வீட்டில் இருப்பது கிழவிகளும் குழந்தைகளும்தான். அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள் எத்தர்கள். கையில் ரசீதுப் புத்தகம், கழுத்தில் ஓர் அட்டை, வாயில் தேன்!

பித்தளைப் பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்துக் காட்டுகிறான் ஒருவன். அடுத்துக் கேட்பது சங்கிலியை. திராவகத்தில் முக்கி, மஞ்சள் பூசி, “அரைமணி கழித்துத் திறந்து பாருங்கள், அம்மா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும். சங்கிலி வீட்டில் இருக்கும். தங்கத்தில் ஒரு பங்கு அவனோடு போய்விடும். பணக்காரனுக்குச் சங்கிலி ஆபரணம். நமக்கோ அதுதான் பாங்கு. வேலையில்லாத மாதத்தில் அடகு வைக்கும் ஒரே சொத்து.

இன்னொருவன் குழுக் கடன் தருகிறேன் என்று வருகிறான். இன்ஷூரன்ஸ் என்றும் பத்திரச் செலவு என்றும் தெருப் பெண்களிடம் முன்பணம் வசூலித்துக்கொண்டு மாயமாகிறான். ரிசர்வ் பாங்கின் 2022 உத்தரவுப்படி, சிறுகடன் தருபவர்கள் கடன் விவரத்தையும் கடன் அட்டையையும் நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதைக் காட்டாதவனிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மூன்றாமவன் சர்க்கார் பணம் வாங்கித் தருகிறேன் என்கிறான். மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோதே, மாதம் 1,000 ரூபாய் நேரே பாங்குக் கணக்கில் சேரும் என்றுதான் வகுக்கப்பட்டது. தரகனுக்கு அதில் என்ன வேலை? ஆதார் நகலையும், போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் அவனிடம் கொடுப்பது பெட்டிச் சாவியைக் கொடுப்பதாகும்.

ஏழைகள் அறியாமையால் ஏமாறுகிறார்கள் என்று கனவான்கள் உபதேசிக்கிறார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்ற போன் மிரட்டலுக்குப் பயந்து லட்சக்கணக்கில் இழந்தவர்கள் படித்தவர்கள் அல்லவா? சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது! எத்தன் நுழைவது அறியாமை வழியாக மட்டுமல்ல, தேவையின் வழியாக. கூலி போதவில்லை. பாங்கு கதவடைக்கிறது. ஒரு மனுவுக்குத் தாலுகா ஆபீசுக்குப் பத்து நடை. அப்போது வீட்டுக்கே வந்து முடித்துத் தருகிறேன் என்பவன் தெய்வமாகத் தெரிகிறான்.

எனவே, தனியாக யாரும் பதில் சொல்லக் கூடாது. “சாயங்காலம் சங்க ஆபீசுக்கு வா” என்று சொல்லுங்கள். யோக்கியன் வருவான், எத்தன் வரமாட்டான். நகையைக் கழற்றாதீர்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். போன் வழியாகவோ கணக்கிலிருந்தோ பணம் பறிபோனால், உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் கைமாறும் முன் முடக்க வழியுண்டு. ஏமாந்தவரைப் பரிகசிக்காதீர்கள், வெட்கத்தால் அவர் மறைத்தால், அதே எத்தன் அடுத்த தெருவில் நுழைவான்.

ஒன்றை மறக்கக் கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்த வந்தவர்கள் என்ற வதந்தியை நம்பி, குலதெய்வம் கும்பிடப் போன ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. வேற்றூரான், வேற்றுமொழிக்காரன் என்பதற்காக ஒருவன் எத்தனாகிவிட மாட்டான். தலைச்சுமை வியாபாரியும் நம் வர்க்கமே. சந்தேகமென்றால் விசாரியுங்கள், போலீசுக்குச் சொல்லுங்கள், கை ஓங்காதீர்கள்.

சர்க்காரையும் கேட்கிறோம்: கிராமந்தோறும் குறித்த நாளில் அதிகாரிகள் வந்து மனு வாங்கட்டும்! ஏழைக்குப் பாங்குக் கடன் கிடைக்கட்டும்! ஏழையின் புகாரைப் போலீஸ் நிலையம் அலைக்கழிக்காமல் பதிவு செய்யட்டும்!

தனி வீட்டை எத்தன் ஏமாற்றலாம். ஒன்றுபட்ட தெருவை ஏமாற்ற முடியாது!