கைதுச் செய்திக்குக் கீழே இரண்டு எண்கள்



வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிய இளைஞர்கள் கைது என்று அடிக்கடி படிக்கிறோம். கைதோடு செய்தி முடிந்துவிடுகிறது. மாத்திரை விழுங்குவதற்குச் செய்தது. அதிலுள்ள டால்க் போன்ற பொடிகள் ரத்தத்தில் கரையாமல் நுண்குழாய்களை அடைக்கும். குத்திய இடம் சீழ்க்கட்டியாகும். கிருமி இதய வால்வு வரை போகும். ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றும். இப்படி ஊசி ஏற்றுகிறவனுக்கு நாலு அடி போட்டால் திருந்திவிடுவான் என்பார்கள் எங்கள் ஊரில். செவிலியராக இருந்த எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அடிக்குப் பயந்தவன் ஒளிந்துகொள்வான், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். அவனுக்குப் புதிய ஊசி கொடுப்பதும், போதைக்கு மாற்றாகப் புப்ரெனார்பின் மருந்து தருவதும் அரசின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்திலேயே உண்டு. 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் இந்த உதவிகளுக்குப் பாதுகாப்பும் தருகிறது. இனி கைதுச் செய்தியின் அடியில் 1097 (எய்ட்ஸ்), 14446 (போதை மீட்பு) ஆகிய உதவி எண்களையும் அச்சிடுங்கள்.

– ஓய்வு பெற்ற செவிலியர், வட்டக்கோட்டை