முரட்டுத் தாடிக்கு ஆப்புதான் மருந்தா?

மக்களே, இது சவரக்கத்திப் பதிவு. மழமழ கன்னக்காரங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம் :-)

எனக்குத் தாடி ஈர்க்குமாறு மாதிரி. சலூன்ல இப்ப ஆளுக்கொரு பாதி பிளேடு மாட்டித்தான் வழிக்கிறாங்க. ரத்தத்துல பரவுற நோய்க்குப் பயமில்லை, நல்ல விஷயம். நான் பேசுறது வீட்ல தனக்கே தனக்குன்னு மடக்குக் கத்தி வெச்சுத் தீட்டுற கிறுக்கனுங்களுக்கு.

கத்தி வாங்கப் போனா முதல் குழப்பமே வடிவம்தான். முதுகுல இருந்து வாய் வரைக்கும் நேரா சரிஞ்சு வந்தா வெட்ஜ், அதாவது ஆப்பு (நம்ம வலையுலக ஆப்பு இல்லீங்க). ரெண்டு பக்கமும் ஆழமாக் குழிச்சு, வாய்ப்பக்கம் மெலிஞ்சு போயிருந்தா ஃபுல் ஹாலோ. நடுவுல கால் ஹாலோ, அரை ஹாலோ.

நான் முதல்ல வாங்கினது ஃபுல் ஹாலோ. வழிக்கும்போது ரீங்னு ஒரு சத்தம், கேக்கவே சுகம். ஆனா சபரிமலைக்கு மாலை போட்டு வளர்ந்த தாடியைக் கத்திரியில குறைச்சுட்டு இதை வெச்சேன் பாருங்க... தாடைக்குக் கீழ மெல்லிசு வாய் அதிர்ந்து துள்ளுச்சு. நான் அழுத்தினேன். மறுநாள் தங்கச்சி நிச்சயத்துல கழுத்துல பஞ்சோட நின்னேன். "ஏன் மாப்ள, பூனையா?"ன்னார் மச்சான்.

"முரட்டுத் தாடிக்குக் கனத்த கத்தி"ன்னு நண்பர்கள் சொல்ல, அடுத்து ஆப்பு. துள்ளவே இல்லை, வெண்ணெய் மாதிரி போச்சு. ஆனா மழுங்கினப்புறம் தீட்ட உக்காந்தா பக்கவாட்டு முழுக்கக் கல்லுல படுது. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு, கூர் வரலை.

இங்கதான் என் கருத்து. சேலம் வட்டாரம் உட்பட தென்னிந்தியாவுல ஊட்ஸ் உருக்கு செஞ்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. 1800களின் தொடக்கத்துல லண்டன்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த இந்திய உருக்குல சவரக்கத்தி செஞ்சு வித்தார். 1820 வாக்குல மைக்கேல் ஃபாரடேயோட சேர்ந்து அதை ஆராயவும் செஞ்சார். அந்தக் காலத்துக் கத்திங்க பெரும்பாலும் ஆப்பு ஜாதிதான். ஆழமாக் குழிக்கிறது 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலதான் பரவலாச்சு. ஆக, ஆப்பு முரட்டுத் தாடியை வெட்டாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அவங்களுக்குத் தீட்டித்தரத் தொழில் தெரிஞ்ச ஆள் இருந்தார். நமக்கு நாமேதான்.

அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, 6/8 அங்குல அகலத்துல அரை ஹாலோ. முரட்டு முடிக்கு வளையாத அளவு விறைப்பு இருக்கு. தீட்டவும் ஆப்பு அளவுக்குப் பாடு இல்லை. கை பழகினவர் ஃபுல் ஹாலோவுல எந்தத் தாடியையும் வழிப்பார், அது வேற. எந்த வடிவமானாலும் கூர் இல்லைன்னா இரும்புத் துண்டுதான். மூணு நிமிஷம் வெந்நீர்த் துணி, தோல் வார்ல நாலு இழுப்பு கூட, அழுத்தாத கை. இதுக்கு மாற்று எந்தக் கடையிலயும் கிடையாது.

உங்க கத்தி எது? திட்டணும்னாலும் திட்டிட்டுப் போங்க. நம்ம தோல் தடிமன், வெட்ஜ் மாதிரி :-)