கெடுவைக் கொண்டு அளப்போம்

வானிலை மையம் ஒன்றின் பிணைய அறையில், லைனில் ஓடும் தரவை வரைந்து காட்டும் எம்.ஆர்.டி.ஜி. மென்பொருளின் வரைபடத்தை நாள் கணக்கில் பார்த்தால் இரண்டு குன்றுகள் தெரியும். ஒன்று நண்பகலை ஒட்டி எழும், மற்றொன்று நள்ளிரவை ஒட்டி. இடைப்பட்ட நேரத்தில் கோடு தரையோடு கிடக்கும். அதே லைனின் ஆண்டு வரைபடத்தைத் திறந்தால் குன்றுகள் இருந்த தடமே இருக்காது. அந்த மென்பொருள் ஆண்டு வரைபடத்தில் ஒரு நாள் முழுவதன் சராசரியை ஒரே புள்ளியாக வைத்துவிடுகிறது. நிதி ஒதுக்கீடு கேட்டுப் போகும் கோப்பில் இணைவது பெரும்பாலும் இந்த ஆண்டு வரைபடம்தான். “பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லையே, எதற்கு இன்னும் பெரிய லைன்?” என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வருவதும் அதனால்தான்.

அந்தக் கேள்வியை எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட அளவுகோல் தவறு. நாடுகளுக்கிடையே ஓடும் கணிப்புத் தரவுக்குப் பிணையம் திட்டமிடும்போது ஒரு நாளில் எவ்வளவு பைட் ஓடியது என்பது இரண்டாம் கேள்வி. எத்தனை மணிக்குள் அது வந்து சேர வேண்டும் என்பதே முதல் கேள்வி.

நிலையங்களில் அளந்த தரவை மட்டும் பரிமாறிக்கொண்ட காலத்தில் இந்த வேறுபாடு பெரிதாக உறுத்தவில்லை. 1963இல் தொடங்கிய உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் உருவான உலகத் தொலைத்தொடர்பு அமைப்பில் மையங்கள் சங்கிலியாகப் பிணைக்கப்பட்டன. தெற்காசியாவுக்குப் புதுடில்லி மண்டல மையம். கொழும்பின் அறிக்கையும் டாக்காவின் அறிக்கையும் அதன் வழியாக உலகச் சுற்றுக்குள் நுழைந்தன. 43279 என்ற எண்ணோடு தொடங்கும் மீனம்பாக்கத்தின் சினாப் அறிக்கை ஐந்தைந்து இலக்கங்களாக அடுக்கிய சில வரிகள்தான். அந்த வரிகளுக்கு டெலிபிரிண்டர் வேகமே போதும்.

கணிப்பு மாதிரிகளின் வெளியீடு வேறு ரகம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 30 பாகை வரை, கிழக்கே 70 முதல் 100 பாகை வரை என்று வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். 0.1 பாகை இடைவெளியில் அதில் 90,601 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் ஒரு புலத்துக்குச் சுமார் 181 கிலோபைட். காற்று, வெப்பம், ஈரப்பதம், மழை, பல அழுத்த மட்டங்கள் என்று ஒரு நேரப்படிக்கு 100 புலங்கள் வைத்தால் 18 மெகாபைட். 51 உறுப்பினர் கொண்ட தொகுப்புக் கணிப்புக்கு இது 924 மெகாபைட் ஆகும். ஆறு மணி நேர இடைவெளியில் பத்து நாளுக்கு 40 படிகள். ஒரே ஓட்டத்துக்கு ஏறத்தாழ 37 ஜிகாபைட்.

நாளுக்கு இரண்டு ஓட்டம் என்றால் 74 ஜிகாபைட். 24 மணி நேரத்துக்கும் பரப்பினால் சராசரி விநாடிக்கு 7 மெகாபிட்டைத் தொடாது. அதை நம்பி 10 மெகாபிட் லைன் வாங்கும் மையத்துக்கு ஓர் ஓட்டம் இறங்கி முடிய எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். காலை 5:30 மணி நிலவரத்தில் தொடங்கும் ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் கணிப்பு நமக்கு நண்பகலை ஒட்டித்தான் கிடைக்கத் தொடங்குகிறது. அது முழுதாக வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிட்டால் பகல் பணியில் இருந்த முன்னறிவிப்பாளருக்கு அதனால் என்ன பயன்? ஒரு மணி நேரத்துக்குள் வேண்டும் என்று கெடு வைத்தால் தேவை 82 மெகாபிட். அதற்காக 100 மெகாபிட் லைன் போட்டால் ஆண்டு வரைபடம் 7 சதவீதப் பயன்பாட்டைக் காட்டும். அந்த 7 சதவீதம் சரியான திட்டமிடலின் அடையாளம் என்பதைக் கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டியது பிணையப் பொறியாளரின் பொறுப்பு.

இரண்டாவது பாடம் வளர்ச்சியின் வடிவத்தைப் பற்றியது. பொதுவான இணையப் போக்குவரத்து ஆண்டுக்கு ஆண்டு சீராக ஏறும். சதவீதம் போட்டு நீட்டிக்கொண்டு போகலாம். மாதிரித் தரவு படிக்கட்டு ஏறுகிறது. ஐரோப்பிய மையம் 2023 ஜூனில் தன் தொகுப்புக் கணிப்பின் கட்ட அளவை 18 கிலோமீட்டரிலிருந்து 9 ஆகக் குறைத்தது. நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பு என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு. முழுத் துல்லியத்தில் கேட்பவருக்கு ஒரே நாளில் சுமை நான்கு மடங்காகும். முந்தைய ஐந்தாண்டு வரைபடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தப் படி அதில் தெரியாது. மாதிரி உருவாக்குபவர்களின் மேம்பாட்டு அட்டவணையில் அது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய லைன் வாங்கியும் வேகம் வராத மையங்கள் உண்டு. காரணம் பல முறை நம் சொந்த சர்வரிலேயே இருக்கும். சென்னைக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஒரு பாக்கெட் போய்த் திரும்ப 150 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். டி.சி.பி. சாளரம் 64 கிலோபைட்டிலேயே நின்றுவிட்டால் ஓர் இணைப்பில் 3.5 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது, லைன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும். 100 மெகாபிட்டை நிரப்ப ஏறக்குறைய 1.9 மெகாபைட் சாளரம் வேண்டும், அல்லது பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். பழைய ஃபயர்வால் ஒன்று சாளர விரிவாக்கத்தைத் தடுத்துக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். புதிய லைனுக்கு விண்ணப்பம் எழுதும் முன் இதைச் சோதிக்க ஒரு பிற்பகல் போதும்.

எல்லாத் தரவும் ஒரே எடையுடையதல்ல. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கான நாடுகளின் குழுவில் 13 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்களுக்குப் புதுடில்லி மையம் அனுப்பும் புயல் ஆலோசனை அறிக்கை ஒரு சில கிலோபைட். அது 37 ஜிகாபைட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்கக்கூடாது. ஐரோப்பிய நாடுகளுக்காக 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஆர்.எம்.டி.சி.என். பிணையத்தில் இது லைனிலேயே தீர்க்கப்பட்டது. முதலில் ஃப்ரேம் ரிலே காலத்தில் ஒவ்வொரு இணைக்கும் தனித்தனி உறுதி வேகம் இருந்தது. 2007இல் எம்.பி.எல்.எஸ். வந்தபின் எவரும் எவரோடும் பேசலாம். அவசரச் செய்திக்குத் தனி வகுப்பு ஒதுக்கலாம்.

இப்போது அந்த வசதி கைநழுவப் போகிறது. உலக வானிலை அமைப்பின் புதிய தகவல் அமைப்பான விஸ் 2.0, 2025 முதல் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. பழைய தொலைத்தொடர்பு அமைப்பை 2033க்குள் நிறுத்துவது திட்டம். புதிய ஏற்பாடு திறந்த இணையத்தின் மேல் ஓடுகிறது. தரவு தயாரானதும் எம்.க்யூ.டி.டி. வழியாகச் சிறு அறிவிப்பு போகும். வேண்டியவர் அதிலுள்ள முகவரியிலிருந்து தரவை இறக்கிக்கொள்வார். சின்ன மையம்கூடச் சுலபமாகச் சேரலாம் என்பது பெரிய வரம். ஆனால் திறந்த இணையத்தில் நாம் ஒட்டும் முன்னுரிமை முத்திரையை எல்லை தாண்டி யாரும் மதிப்பதில்லை. எனவே முன்னுரிமையை மென்பொருளில்தான் கட்ட வேண்டும்: எச்சரிக்கைக்குத் தனி டாப்பிக், தனி டவுன்லோட் வரிசை, மாதிரித் தரவிலும் முதல் மூன்று நாள் படிகள் முதலில்.

இந்த அமைப்பில் பலர் கவனிக்காத ஒரு கணக்கும் இருக்கிறது. 2021இல் ஏற்கப்பட்ட ஒருங்கிணைந்த தரவுக் கொள்கை தரவை அடிப்படைத் தரவு, பரிந்துரைத் தரவு என்று இரண்டாகப் பிரிக்கிறது. அடிப்படைத் தரவை உலகக் கேஷ் மையங்கள் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருந்து வழங்கும். பரிந்துரைத் தரவுக்கு அந்த நிழல் இல்லை. கேட்பவர் எல்லாரும் அதை உருவாக்கிய மையத்தின் வாசலுக்கே நேரே வருவார்கள். 40 நாடுகள் ஆளுக்கு ஒரு ஜிகாபைட்டைப் பத்து நிமிடத்துக்குள் இறக்க முயன்றால் அந்த மையத்துக்கு வெளியே போகும் திசையில் 533 மெகாபிட் வேண்டும். பழைய அமைப்பில் அடுத்த மையத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு ஓய்ந்தவர்களுக்கு இது புதிய சுமை. இடைக்கால ஆண்டுகளில் இரு அமைப்புகளும் சேர்ந்தே ஓடும் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

லைன் அறுந்தால்? 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே வெவ்வேறு அமைப்புகளுக்குச் சொந்தமான இரண்டு கடலடிக் கேபிள்கள் சேதமாகி, இந்தியாவிலிருந்து மேற்கே போகும் இணையம் பெருமளவு முடங்கியது. அவற்றில் ஒன்றான சீ-மீ-வீ 4 சென்னையிலும் கொழும்பிலும் காக்ஸ் பஜாரிலும் கரையேறுகிறது. இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியடையும் முன் இரண்டும் எந்தக் கடல் வழியே போகின்றன என்று கேட்பது அவசியம். 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் டோங்காவின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்து, அதைச் சீர்செய்ய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆனது. பேரிடர் நாளில்தான் தரவு மிகவும் தேவை. லைன் அன்றே அறுந்துபோகவும் கூடும். ஜப்பானின் ஹிமவாரிகாஸ்ட் போன்ற செயற்கைக்கோள் ஒலிபரப்பைப் பெறும் ஒரு சி-பேண்ட் டிஷ் அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

பட்ஜெட் இல்லாத மையங்கள் மனம் தளர வேண்டியதில்லை. எல்லாப் புலங்களையும் எல்லா உறுப்பினர்களுக்கும் இறக்கத்தான் வேண்டுமா என்று முன்னறிவிப்பாளரோடு உட்கார்ந்து பட்டியலை வடிகட்டினாலே 37 ஜிகாபைட் கணிசமாக இளைக்கும். தொகுப்பின் சராசரியும் நிகழ்தகவுகளும் மூலத்திலேயே கணக்கிட்டுக் கிடைக்கும்போது 51 உறுப்பினர்களையும் இழுத்து வந்து இங்கே கணக்கிடத் தேவையில்லை. ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் இயக்கத்துக்குக் கொண்டுவந்த ஏ.ஐ.எஃப்.எஸ். போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தொடக்க நிலைத் தரவு சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கும். அதை இறக்கி, கணிப்பை உள்ளூர் ஜி.பி.யு.விலேயே ஓட்டிக்கொள்ளலாம். லைன் செலவையும் கணினிச் செலவையும் இனி ஒரே தாளில் எழுதி ஒப்பிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பரில் ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுக்குமாறு வாசகர்களை இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. நண்பகல் தரவு இறங்கிக்கொண்டிருக்கும்போது முதன்மை லைனை வேண்டுமென்றே துண்டியுங்கள். மாற்று வழி எத்தனை நிமிடத்தில் எழுந்தது, புயல் அறிக்கை எப்போது வந்தது, 51ஆவது உறுப்பினரின் கடைசிப் படி எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் ஆண்டு வரைபடம் இருந்த இடத்தில் இந்த மூன்று நேரங்களையும் வையுங்கள்.