வேல்யுவேஷன் ரிப்போர்ட்டை நமக்கு ஏன் காட்டுவதில்லை?



வீட்டுக் கடனுக்கு வேல்யுவேஷன் கட்டணம் கட்டுவது நாம். ரிப்போர்ட் போவது வங்கிக்கு. நாமாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் நகல்கூடக் கிடைக்காது. விற்பவரோடு சேர்ந்துகொண்டு 40 லட்சம் வீட்டை 60 லட்சம் என்று வேல்யூவர் எழுதியிருந்தாலும் நமக்கு எப்படித் தெரியும்?

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி நஷ்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. மோசடியென்றால், 17ஆம் பிரிவின்படி, அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் ‘தக்க முயற்சி எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள்’ என்றும் அதிலேயே இருக்கிறது. எதிர்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நுகர்வோர் ஆணையம் என்றால் 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால்தான் அதற்கு மேல்.

காட்டாமல் வைத்துக்கொண்டு, "நீ ஏன் முயற்சி செய்யவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்? வினாத்தாளே தராமல் நேரம் முடிந்தது என்று விடைத்தாளைப் பிடுங்கினால் எந்தப் பெற்றோர் சும்மா விடுவார்? கட்டணம் கட்டியவருக்கு நகல் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் பிறகு கெடுவைப் பற்றிப் பேசட்டும்.

"பேசித் தீர்த்துக்கலாம் சார்" என்று இழுப்பார்கள், நம்பாதீர்கள். வங்கிக்கு மனு கொடுத்தாலும் போலீசுக்குப் போனாலும் சிவில் வழக்கின் கெடு அதுபாட்டுக்கு ஓடும். கடன் வாங்கியவர்கள் இந்த வாரமே ரிப்போர்ட் நகலை எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு நேரே வக்கீலிடம் போங்கள்.